அண்மைப் பாதை விமானிகள்

மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்த லக்கல–பல்லேகமப் பகுதியிலிருந்து ஓர் இளைஞன் விமானியாக விரும்பினால், அவன் செல்லவேண்டிய இடம் பெரும்பாலும் இரத்மலானையே. அவனது மாவட்டத்திலே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்த சீகிரியா விமானத்தளம் உண்டு, அது விமானப்படைக்குரியது. தொழிலைக் கற்றபின் அவன் எவ்வளவு உயரலாம் என்ற வினாவுக்கு, இலங்கையின் விமான வரலாறு ஓரளவு கசப்பான விடையையே தருகின்றது.

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் இரத்மலானையினின்று எழுந்து, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. அதனைச் செலுத்தியவர் கப்டன் பீற்றர் பெர்னாண்டோ. போர் முடிந்ததும் டகோட்டாக்கள் மலிவாக விலைப்பட்டமையாலேயே சிறிய நாடுகளும் இத்துறையிற் புக முடிந்தது. நிறுவனத்தின் முதல் விமானங்கள் மூன்று: சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி.

விமானம் மூன்று என்றால் விமானியின் எதிர்காலமும் அவ்வளவே. ஒவ்வொரு விமானத்திலும் கப்டனுக்குரிய இடப்பக்க ஆசனம் ஒன்றுதான். வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை விமானி அங்கு மாறவேண்டுமாயின், மூத்தவர் ஒருவர் விலகவேண்டும். அன்றேல் புதிய விமானம் வரவேண்டும். திறமை இதற்குப் பின்னரே பேசப்படும். தொலைதூரச் சேவைகளோ 1949 முதல் அவுஸ்திரேலியருடனும், பின்னர் ஒல்லாந்தருடனும், பிரித்தானியருடனும் கூட்டாக நடைபெற்றன. பெரிய விமானங்கள் பெரும்பாலும் கூட்டாளிகளுடையன. 1964இல் அவ்ரோ வந்தது. 1969இல் வந்த திரைடன்ற் ஜெற் விமானமும் ஒன்றே ஒன்று! அந்த ஒன்றுக்காக எத்தனை பேர் காத்திருந்திருப்பர்! 1978 செப்டெம்பர் 7ஆந் திகதி அவ்ரோ இரத்மலானையில் குண்டுவெடிப்பில் அழிந்தது. 1979இல் எயர் லங்கா தோன்ற, எயர் சிலோன் மறைந்தது.

ஊதியத்தின் கணக்கோ வேறு வகையானது. பல நிறுவனங்களில் அடிப்படைச் சம்பளத்துடன், பறந்த மணித்தியாலங்களுக்கேற்ற கொடுப்பனவும் சேரும். நெடும்பாதை விமானி ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கிப் பத்து மணித்தியாலங்களைக் கணக்கில் எழுதுவார். அண்மைப் பாதை விமானியோ நாளொன்றுக்கு நான்கு முறை ஏறியிறங்கியும் அதிற் பாதியையே காண்பார். ஏறுவதும் இறங்குவதுமே விமானியின் கவனத்தை மிகுதியாகக் கோருவன. அவற்றுக்கு இக்கணக்கிலே தனி விலை இல்லை என்பது விந்தையே.

இக்குறை இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. 2009 பெப்ரவரி 12ஆந் திகதி அமெரிக்காவின் பவலோ நகருக்கருகே ஒரு பிரதேச விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விசாரணையின்போது, துணை விமானி பெற்ற சொற்பச் சம்பளம் கேட்டு நாடே திகைத்தது. பின்னர் 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாகவும் பொதுவாக 1,500 மணித்தியால அனுபவம் வேண்டுமென்றாயிற்று. விமானிகள் அரிதாயினர், 2022இல் பிரதேச நிறுவனங்கள் ஊதியத்தைப் பெரிதும் உயர்த்தின.

2019 நவம்பரிலே பலாலிக்கும் சென்னைக்குமிடையே மீண்டும் விமானம் பறந்தது. கப்டன் பெர்னாண்டோ சென்ற அதே கடல்வழி. ஆனால் விமானம் இந்திய நிறுவனத்தினது.