உளுப்பாத்திக்கு ரப்பர் மீன்

பிரிஸ்பேனிலிருந்து லீவுக்கு வந்த மகன் ஒரு பாக்கெட் நிறைய பிளாஸ்டிக் மீன்குஞ்சுகள் கொண்டுவந்தான். தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. அங்கே உளுப்பாத்தி பிடிக்க இதுதானாம். எங்க அய்யா மூக்கையூர்க் கரையில் கணவாய்த் துண்டைக் குத்தித்தான் தூண்டில் போடுவார்.

அமெரிக்காவில் அக்ரான் நகரத்து நிக் கிரீம் 1949-ல் வீட்டு அடுப்படியில் காய்ச்சி வார்த்த பிளாஸ்டிக் புழுதான் இவற்றுக்கெல்லாம் மூத்தது என்பார்கள். உளுப்பாத்தியின் கதை அதைவிடப் பழசு. செங்கடல் மீன்களை ஆராய்ந்த போர்ஸ்கால் வைத்த பெயர் 1775-ல் அச்சில் வந்தது: 'இன்சிடியேட்டர்'. லத்தீனில் பதுங்கியிருந்து தாக்குபவன். சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பற்றிய தம் நூலில் அதே பெயரைத்தான் எழுதினார்.

இரையைத் தேர்வு செய்யும் வழியும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இந்த மீன் மணலில் புதைந்து, உச்சந்தலைக் கண்ணால் மேலே பார்த்தபடி கிடக்கும். ஆகவே தரை தொடுமளவு ஈயம் வேண்டும். தத்தித் தத்தி இழுக்க வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு மங்கின நிறம், கலங்கலுக்குப் பளிச்சென்ற நிறம். (பிடித்த பிறகு கன்னத்து முள்ளில் கவனம், என் கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.)

நானும் கூடப் போனேன். மூன்றாவது வீச்சிலேயே பாரில் சிக்கி நரம்பு அறுந்தது. அய்யாவின் கணவாய்த் துண்டாக இருந்தால் நண்டு தின்றிருக்கும். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த தீவுகள் இதே மன்னார் வளைகுடாவில்தான் இருக்கின்றன. பாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவனுக்குக் கோபம்தான். மறுநாள் காலையில் அவனே போய்க் கணவாய் வாங்கி வந்தான்.