பின்னால வெச்ச ஸ்பீக்கர் ஏன் பேசல்ல?

பாலமுனையில எங்கட கூட்டாளி ஒருவரின் மாமா சவூதியில இருந்து லீவுல வரக்குள்ள ஒரு ஹோம் தியேட்டர் செட் கொண்டு வந்தார். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முன்னால இடமும் வலமும் நல்லா பாடும். நடுவில ஒன்றும் பின்னால இரண்டும் ஊமை. ரிப்பேருக்குக் குடுத்தும் சரிவரல்ல. “டுப்ளிகேட் சாமான்” என்று மாமா முடிவு கட்டி, செட்டை அலுமாரிக்கு மேல ஏத்திட்டார்.

இந்த லீவுல நாங்க அதை இறக்கினோம். ரிமோட்டில ‘டெஸ்ட் டோன்’ அழுத்தினா, உஸ்ஸென்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். ஐந்திலும் வந்தது. அப்போ ஸ்பீக்கரும் சரி, வயரும் சரி. உள்ளே போகிற சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பார்வையாளரைச் சுற்றி ஒலி வைக்கும் முயற்சி பழையது. 1940இல் டிஸ்னியின் ‘ஃபான்டேசியா’வுக்காக ‘ஃபான்டசவுண்ட்’ என்ற ஏற்பாடு செய்தார்கள். செலவு அதிகம் என்பதால் சில அரங்குகளோடு நின்றுவிட்டது. 1970களில் டொல்பி நிறுவனம் மலிவான வழி ஒன்றைக் கொண்டு வந்தது: நான்கு ஒலிகளை ஃபிலிமின் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைப்பது. இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி இருப்பது நடு ஸ்பீக்கருக்கு. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிற மாதிரி எதிரெதிராக இருப்பது பின்னுக்கு. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ இதை உலகறியச் செய்தது. 1995இல் வந்த ‘குருதிப்புனல்’ படத்தின் ஒலியும் இந்த டொல்பி ஸ்டீரியோ வழியில் வந்ததுதான்.

மடித்ததை விரிக்க ஒரு கருவி வேணும். வீட்டுக்கான டொல்பி சரவுண்ட் 1982இல் வந்தது. நடு ஸ்பீக்கரையும் பிரித்துக் கொடுத்த ‘புரோ லொஜிக்’ 1987இல். ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனித் தடம் தந்த டொல்பி டிஜிட்டல் 1992இல் தியேட்டருக்கு வந்தது. பிறகு டிவிடி அதை வீட்டுக்குக் கொண்டு வந்தது.

ஆனா நாங்க சின்ன வயசில பார்த்தது பெரும்பாலும் விசிடி. 1993இல் வந்த அந்த முறையில் ஒலிக்கு இரண்டு தடம்தான். டிவிடி பிளேயர் வந்த பிறகும் அதில இருந்து செட்டுக்குப் போனது சிவப்பு, வெள்ளை வயர் இரண்டு. வயர் இரண்டு என்றால் தடமும் இரண்டு. மாமாவின் செட்டுக்கு ஐந்து வாய். நாங்க ஊட்டினது இரண்டு வாய்க்குத்தான்.

இன்றைக்கும் இதே கதைதான். டீவியில இருந்து செட்டுக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ‘ஏஆர்சி’ வசதி 2009இல்தான் எச்டிஎம்ஐ முறையில் சேர்ந்தது. அதற்கு முந்தின டீவியில அந்தத் துளையைத் தேடிப் பயனில்லை. புதிய டீவி என்றாலும் ஒலி அமைப்பு ‘பிசிஎம்’ என்று கிடந்தா பெரும்பாலும் இரண்டு தடம்தான் வெளியே வரும். ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றிப் பார்க்க வேணும். முன் ஸ்பீக்கர் ஒன்றில சிவப்பு, கறுப்பு வயர் மாறிக் கிடந்தா தள்ளுவதும் இழுப்பதும் குழம்பி, வசனம் எங்கிருந்து வருகுதென்றே தெரியாது. பாஸும் மெலியும்.

மாமாவின் ரிமோட்டில ‘புரோ லொஜிக்’ என்றொரு பொத்தான் இருந்தது. அதில எழுத்துக்கூட அழியல்ல, யாரும் தொட்டதில்லை. பழைய விசிடி ஒன்றைப் போட்டு அதை அழுத்தினோம். வசனம் நடுவுக்கு வந்தது. மழைச் சத்தம் பின்னால கேட்டது. அடுத்த டிஸ்க், தியேட்டருக்குள்ள கமராவால திருடி எடுத்த கொப்பி. அதில பின் ஸ்பீக்கர் முனகக்கூட இல்லை. ஒற்றை மைக்கில் பிடித்த ஒலியில் விரிக்க மடிப்பே கிடையாது.

மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இது ஒறிஜினல்தானா?” என்று கேட்டார். செட் ஒறிஜினல்தான் மாமா, டிஸ்க்தான் டுப்ளிகேட் என்றோம்.