மரமரிதலும் மரமுலர்த்தலும்



மாரிகாலத்திலே பூட்ட மறுக்கும் கதவு, கோடை வந்ததும் விரல் நுழையுமளவிற்கு இடைவெளி காட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். பழி தச்சர்மேல் விழும். பெரும்பாலும் அவர் குற்றமற்றவர். மரம் வெட்டப்பட்ட நாளுக்கும் அது கதவாகிய நாளுக்கும் இடையே கழிந்த காலம் எவ்வளவு என்று கேட்போர் மிகச் சிலரே. மரத்தை அரியும் தொழிலும் அரிந்த மரத்தை உலர்த்தும் தொழிலும் உடன்பிறந்தவை. எனினும் முன்னது விரைந்து ஓடியது. பின்னது மெல்லவே நடந்தது. அவ்விரண்டின் வரலாற்றையும் இன்று ஒருங்கே நோக்குவோம்.

மரத்தின் இயல்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வெளியே வயிரம் உடையவற்றைப் புல் எனவும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் எனவும் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. அவ்வகுப்பின்படி நமது பனை மரமன்று, புல்லே. தொழிலாளருக்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. பனையைப் பிளந்து, உட்சோற்றைக் கழித்து, புறத்தேயுள்ள வயிரத்தை வளையாகவும் சிலாகையாகவும் செதுக்குவர். அதற்குக் கோடரியும் ஆப்பும் வாய்ச்சியும் போதும். அவ்வாறு ஆக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பனைமரம், ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்கும் சென்றது. ஆனால் பாலை, முதிரை, வேம்பு, பலா ஆகிய அகவயிர மரங்களைப் பலகையாக்க வேண்டுமாயின், வாளின்றி இயலாது.

பழைய முறையை முதியோர் நினைவு கூர்வர். குழியின்மேலோ உயர்ந்த சட்டத்தின்மேலோ மரக்குற்றியைக் கிடத்தி, கரி தோய்த்த நூலால் அதன்மேற் கோடு அடிப்பர். ஒருவர் மேலே நின்று கோடு தவறாமல் வாளை நடத்துவார். மற்றவர் கீழே நின்று இழுப்பார். கீழே நிற்பவரின் கண்ணிலும் வாயிலும் மரத்தூள் கொட்டிக்கொண்டேயிருக்கும். உலகின் பல பாகங்களிலும் இத்தொழில் இவ்வாறே நடந்தது. கீழே நின்றவரின் பெயரை வரலாறு எங்கும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

இவ்வுழைப்பை நீருக்கும் காற்றுக்கும் மாற்றும் முயற்சி மிகப் பழையது. இன்றைய துருக்கியிலுள்ள ஹியராப்போலிஸ் என்னும் பழம்பட்டினத்தில், கி. பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைப் பேழையொன்றின்மேல், நீராற் சுழலும் சக்கரம் இரு வாள்களை இயக்குவதாகச் செதுக்கப்பட்டுள்ளது. அவ்வாள்கள் அரிந்தது கல்லை. மரம் அரியும் நீர்வாளின் படத்தை 13ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து வில்லார் டி ஒன்னக்கூர் தமது ஏட்டில் வரைந்து வைத்தார். ஆயினும் பெரும் மாற்றம் நிகழ்ந்தது ஒல்லாந்திலேதான். 1594இல் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்சோன் என்பவர் காற்றாடியின் சுழற்சியை வளைந்த அச்சொன்றினால் மேலும் கீழுமான அசைவாக மாற்றி, வாட்சட்டத்தை இயக்கினார். அம்ஸ்டர்டாம் நகரத்துக் கைவாட்காரர் இதனை விரும்பவில்லை; ஆகவே தொழில் அயலிலுள்ள சான் ஆற்றங்கரையிலே வேரூன்றியது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வட்டாரத்தில் 200க்கும் மேற்பட்ட மரவாலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

ஒல்லாந்தரின் கப்பற்படை பெருகுவதற்கு இவ்வாலைகள் பெரிதும் உதவின. முதற் காற்றுவாள் இயங்கி 64 ஆண்டுகள் சென்றபின், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டை அவர்தம் கையில் வீழ்ந்தது. கோட்டையை மட்டுமா அவர்கள் விட்டுச் சென்றனர்? நாம் இன்றும் இழுத்து மூடும் இலாச்சி அவர்கள் மொழிச் சொல்லே. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் ஆகியன அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயர் தந்தவை. பலகையால் ஆகிய பொருள்களின் பெயர்களிற் பல கடல்வழி வந்தன. வாளும் உளியும் மட்டும் தமிழாகவே நிலைத்தன.

இங்கிலாந்தில் இக்கதை வேறுவிதமாக நடந்தது. 1768ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் சாள்ஸ் டிங்லி என்பவர் நிறுவியிருந்த காற்று மரவாலையை, கைவாட்காரர் திரண்டு வந்து தகர்த்தெறிந்தனர். மறு ஆண்டிலே பாராளுமன்றம் ஆலைகளைத் தகர்ப்போரைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டமொன்றை இயற்றியது. அத்தொழிலாளரை மூடர் என்று சிலர் எழுதுவர். யான் அவ்வாறு கருதேன். நாட்கூலியன்றி வேறு சொத்தில்லாத ஒருவனுக்கு, ஓர் இயந்திரம் எத்தனை பேருடைய உணவைப் பறிக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்த கணக்கு. பின்னர் நீராவி வந்தது, வட்டவாள் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் முடிவில்லாப் பட்டிபோற் சுழலும் நாடாவாளும் பயனுக்கு வந்தது.

வாள் இவ்வாறு வேகம் கொள்ள, மரத்தின் ஈரம் என்ன செய்தது? அது எவர் அவசரத்துக்கும் இணங்கவில்லை. மரத்தை வீழ்த்துமுன் அடியில் அதன் நடுவரை வெட்டி, சாறு சொட்டி வடியும்படி சிலகாலம் நிறுத்தி வைக்கவேண்டும் என்று உரோமாபுரிக் கட்டட நூலாசிரியரான விற்றூவியஸ் எழுதினார். பர்மாவிலே தேக்கின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவர். பச்சைத் தேக்கு நீரில் அமிழ்ந்துவிடும், காய்ந்த தேக்கே ஆற்றில் மிதந்து வரும். சான் ஆற்றங்கரையார் மரக்குற்றிகளை நீர்த்தடாகங்களில் இட்டு வைத்தனர். அரிந்தபின் பலகைகளைக் காற்றோடும் கொட்டில்களில் அடுக்கினர். நம் நாட்டிலும் குளத்திலும் களப்பிலும் மரத்தை ஊறப்போடும் வழக்கம் உண்டு. மரத்திலுள்ள மாச்சத்து நீரிற் கரைந்து வெளியேறினால், உளுக்கவைக்கும் வண்டுக்கு உணவு குறையும் என்பதே அதன் காரணம்.

இவ்வறிவைப் புறக்கணித்த பேரரசொன்று கொடுத்த விலையைக் கேளுங்கள். 1677இல் ஆங்கிலப் பாராளுமன்றம் 30 போர்க்கப்பல்கள் கட்டப் பணம் ஒதுக்கியது. கப்பல்கள் விரைந்து எழுந்தன. சில ஆண்டுகளுக்குள்ளே, கடலிற் செல்லாது துறையிற் கட்டிக் கிடந்தபடியே அவற்றுட் பல உக்கிப்போயின. கடற்படைச் செயலாளராயிருந்த சாமுவேல் பெப்பீஸ், கப்பலின் அடியறையிலே கைமுட்டி அளவான காளான்களைத் தம் கையாலேயே பறித்ததாக எழுதி வைத்தார். அதன்பின்பும் பாடம் கற்கப்படவில்லை. 1810இல் நீரில் இறக்கப்பட்ட ‘குயின் சார்லட்’ என்னும் பெருங்கப்பல், கடற்பணியைத் தொடங்குமுன்னரே பூஞ்சணத்தால் உக்கி, பெரும்பொருட் செலவிற் பழுது பார்க்கப்பட்டது. நெப்போலியனோடு போர் நடந்த காலம். முதிர்ந்த ஓக்கு மரத்துக்குப் பஞ்சம். ஈரமரத்தைப் பூட்டி அடைத்துவிட்டனர். பீரங்கி செய்யாத சேதத்தைப் பச்சை மரம் செய்தது.

ஈரம் மரத்துள் எவ்வாறு தங்குகின்றது என்பதை ஆராய்ந்தவர்களில் பிரான்சு தேசத்து டுஹாமெல் டு மொன்சோ முன்னோடி. அவருடைய மரநூல்கள் 1760களில் வெளிவந்தன. 1906இல் அமெரிக்கரான ஹரி டீமன் முக்கியமான எல்லையொன்றைக் காட்டினார். மரத்தின் நுண்குழாய்களிலே தேங்கியுள்ள நீர் முதலில் வெளியேறும். அப்பொழுது மரம் நிறை குறையுமேயன்றிச் சுருங்காது. ஈரம் 25 முதல் 30 வீதமளவிற்கு இறங்கியபின், குழாய்ச் சுவர்களில் ஒட்டியுள்ள நீர் நீங்கத் தொடங்கும். அன்று முதலே மரம் சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டைநோக்கிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. நீளத்தில் மிகச் சிறிது. பலகை ஏன் கிண்ணம்போல வளைகின்றது, குற்றி ஏன் நடுவை நோக்கி வெடிக்கின்றது என்னும் வினாக்களுக்கு இதுவே விடை.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் கருங்காலியும் முதிரையும் பெருமளவில் வெட்டப்பட்டன. திருக்கோணமலைச் சவண்டலை, ‘திருக்கோணமலை மரம்’ என்னும் பெயரோடு சென்னைக்குச் சென்று, அலைமோதும் அக்கரையின் மசூலாப் படகுகளாயிற்று. 1882இல் வின்சென்ற் என்னும் அதிகாரி இலங்கைக் காடுகளின் சீர்கேட்டை விரிவாக அறிக்கையிட்டார். 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அரச மரக் கூட்டுத்தாபனம் 1968இல் அமைந்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. இத்தடையின் விளைவு மரக்காலைகளிலே தெளிவாகக் காணப்படும். நூறாண்டு முதிர்ந்த பாலை வந்த இடத்திற்கு வளவு மரங்களும் தோட்டத்துத் தேக்கும் மகோகனியும் இறப்பரும் வருகின்றன. இவை இளமரங்கள், வயிரம் குறைவு, வெளிறு அதிகம். முதிர்ந்த மரம் நம் அசட்டையை ஓரளவு பொறுத்துக்கொண்டது, இளமரம் பொறுக்காது. இறப்பர் மரத்தையே பாருங்கள். வெட்டிய சில கிழமைகளுள் அது நீலம் பாய்ந்து வண்டு பற்றும். உடனே அரிந்து, போரன் உப்புக் கரைசலூட்டி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே, விறகாயிருந்த அம்மரம் கதிரையும் மேசையுமாயிற்று.

சிறு மரவாலை அமைக்க எண்ணுவோர் இதனைக் கருதவேண்டும். மெல்லிய குற்றிகளை அரிவதற்கு நாடாவாளே தக்கது. கால் அங்குலம் தின்னும் வட்டவாள் பத்து முறை ஓடினால், இரண்டரை அங்குல மரம் தூளாகிவிடும். பன்னிரண்டில் ஒரு பங்கு அங்குலம் தின்னும் நாடாவாளுக்கு ஓர் அங்குலங்கூடச் செல்லாது. வாளுக்குச் செலவிடுவோர் கொட்டிலுக்குச் செலவிடத் தயங்குவர், அதுவே தவறு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மட்டமான தாங்கிகள் வேண்டும். வரிசைக்கு வரிசை ஒரே பருமனான குறுக்குச் சிலாகைகளை, ஒன்றுக்கு நேரே ஒன்றாக வைத்தல் வேண்டும். நேர் தவறினால் பலகை அலைபோல வளையும். வெட்டுமுகங்களிலே தடித்த வர்ணமோ மெழுகோ பூசாவிடின் முனை வெடிக்கும். மேலே கூரையும் உச்சியிற் பாரமும் இருத்தல் வேண்டும். வெயில் படலாகாது, காற்றுத் தடைப்படலாகாது. வேகமாகக் காய்வது நன்று என்று எண்ணி முற்றத்து வெயிலிலே பரப்பி வைப்போரை யான் பல இடங்களிற் கண்டிருக்கின்றேன். மேற்புறம் காய்ந்து இறுக, உட்புறம் பச்சையாகவே இருக்கும்.

2009இல் போர் முடிந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. நிலையும் கதவும் யன்னலும் எல்லோருக்கும் ஒரே காலத்தில் தேவைப்பட்டன. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்தவர்களிடம், பலகை காயும்வரை பொறுங்கள் என்று யார் சொல்வது? நேற்று வெட்டிய மரம் இன்று நிலையாயிற்று. அத்தகைய வீடுகள் சிலவற்றை யான் அறிவேன். நிலைக்கும் சுவருக்கும் இடையே விழுந்த வெடிப்பினூடாக மாரிமழை உள்ளே வந்தது. கடன்பட்டுக் கட்டியவர் அந்நிலையைக் கழற்றி மீண்டும் வைக்க வேண்டியதாயிற்று.

மரம் காய்ந்துவிட்டதா என்பதை அறியக் கருவி இல்லாதோரும் ஒரு வழி செய்யலாம். பலகையின் நுனியை விட்டு, உட்பாகத்திலிருந்து சிறு துண்டொன்றை அரிந்து, உடனே நிறுத்துக் கொள்க. பின் அதனை, நீர் கொதிக்கும் வெப்பத்திற்குச் சற்று மேற்பட்ட அடுப்பறையில், நிறை குறைவது நிற்கும்வரை வைத்து, மீண்டும் நிறுக்க. முதல் நிறை 150 கிராமும் இறுதி நிறை 100 கிராமுமாயின், குறைந்த 50ஐ 100ஆல் வகுக்க ஈரம் 50 வீதம். அப்பலகை இன்னும் அடுக்கிலேயே இருக்கவேண்டியது. 115க்கு 100 என்று வந்தால் ஈரம் 15 வீதம். நம் நாட்டுக் காற்றில் வெளிக்கதவு செய்யத் தச்சரிடம் கொடுக்கலாம்.