மூன்று முடிச்சுக் கயிறு

கண்டி நகரை அடுத்த உடுநுவரைப் பகுதியிலே எலதெத்த என்றொரு சிற்றூர் உண்டு. 1660-ஆம் ஆண்டில் மூதூர்க் கரையோரத்தில் இரண்டாம் இராஜசிங்க மன்னனுடைய ஆட்களிடம் அகப்பட்டு, உடன் பிடிபட்ட தந்தையையும் மறு ஆண்டிலேயே பறிகொடுத்துத் தனித்து நின்ற ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, தொப்பி பின்னி விற்றும் கோழி வளர்த்தும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு, 25 லாறின் (அக்கால வெள்ளி நாணயம்) விலையில் ஒரு தோட்டம் வாங்கியது இவ்வூரிலேதான். மூன்று புறமும் வயல் சூழ்ந்த, புதர் மண்டிய நிலம் அது. அதிலே எட்டுத் தென்னையும், அந்நாட்டில் விளையும் பலவகைப் பழமரங்களும் நின்றன.

சொந்த நாட்டுக்குத் திரும்பும் வழியறியாத அம்மனிதர் தம் வாசற்படியிலேயே பழம் பறித்து உண்ணும் பாக்கியம் பெற்றார் என்பதை எண்ணும்போது மனம் இளகுகிறது. 1681-இல் லண்டனில் வெளியான தம் நூலில், பலாவை அவர் எத்தனை ஆசையோடு வருணிக்கிறார்! பிஞ்சுக்குப் பொலொஸ், முற்றிய காய்க்குக் கொஸ், கனிந்ததற்கு வறக்க என ஊரார் சொன்ன பெயர்களையெல்லாம் காதால் கேட்டபடியே எழுதிவைத்தார். ஏழை மக்களின் பசியை ஆற்றுவதில் அம்மரத்துக்குள்ள பெரும் பங்கையும் கூறத் தவறவில்லை. வறக்க என்னும் அச்சொல்லைப் படிக்கும் தமிழனுக்கு நம் வருக்கைப் பலா நினைவுக்கு வராமற் போகாது.

ஆனால் அந்நூலில் என் நெஞ்சைத் தைத்த செய்தி வேறொன்று. நற்கனி தரும் மரம் எங்கேனும் கண்ணிற்பட்டால், அரசன் பெயரால் அதன் அடியிலே மூன்று முடிச்சிட்ட கயிற்றைக் கட்டிவிடுவார்களாம். அதன்பின் நட்டு வளர்த்தவனே ஆயினும் அக்கனியைத் தொடலாகாது. பழுத்ததும் வெள்ளைத் துணியில் பொதிந்து அவ்வட்டாரத்து அதிகாரியிடம் கொண்டுசெல்வார்கள்; அவர் பழுது இல்லையெனக் கண்டு, மீண்டும் வெண்துகிலிற் கட்டி அரண்மனைக்கு அனுப்புவார். உரியவனுக்கு ஒரு காசும் இல்லை. நம் வழக்கிலே மூன்று முடிச்சு உறவைப் பிணைப்பது. அங்கோ அது மரத்தையும் உடையவனையும் பிரித்தது. பலாவின் மணம் முற்றத்தை நிறைக்க, கயிற்றைப் பார்த்தபடி கைகட்டி நின்ற அக்குடியானவனும், தன் மண்ணிலே இருந்தும், ஒருவகையில் நாக்ஸைப் போன்ற சிறைவாசிதானே?

1679-இல் நாக்ஸ் ஒரு தோழருடன் அனுராதபுரத்துக் காடுகளினூடே, அருவியாற்றைப் பற்றிக்கொண்டு மன்னார்க் கரையிலே அரிப்புத் துறையிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் 1824-இல் ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்க, அதன் பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் வேலைசெய்யத் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள் அதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாக ஏறினார்கள். வழியிலேயே மாண்டோர் எண்ணற்றோர். பிழைத்து மலைசேர்ந்தவர்கள், அயலூர்த் தோப்புகளில் தொங்கிய பலாவைக் கண்டதும் அதற்குப் புதுப்பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை. கத்தியில் எண்ணெய் தடவிப் பாலை விலக்கிச் சுளை எடுக்கும் பக்குவத்தைத் தம் ஊரிலிருந்தே கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.