சிஎன்சி கட்டுப்பாட்டுப் பலகை (வீட்டுத் தயாரிப்பு)

சிஎன்சி (கணினிவழி எண்முறைக் கட்டுப்பாட்டு) இயந்திரத்துக்குக் கணினி அனுப்பும் ஜி-கோடு கட்டளைகளை ஸ்டெப்பர் மோட்டார்களின் அசைவாக மாற்றும் மின்சுற்றுப் பலகை. ஆர்வலர்கள் கையால் செய்யும் பலகைகளில் பெரும்பாலும் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலரும், இயந்திரம் நகரும் ஒவ்வோர் அச்சுக்கும் ஒன்றாக, மோட்டாரை இயக்கும் ஏ4988 டிரைவர்களும் இருக்கும். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிய ஜிஆர்பிஎல் என்னும் திறமூல மென்பொருள் இந்த மைக்ரோகண்ட்ரோலரில் இயங்கும்.

செய்முறை: சுற்றின் தடங்களை லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சிட்டு, செம்பு பூசிய பலகையில் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் டோனர் செம்பில் ஒட்டிக்கொள்ளும். படம் இடவலமாக மாறிப் பதியும் என்பதை அச்சிடும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். டோனர் மூடாத செம்பை ஃபெரிக் குளோரைடு கரைசல் அரித்துவிடும். பிறகு துளையிட்டு, உறுப்புகளை சால்டரிங் செய்வர். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பாதுகாப்பு: மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் தடங்கள் அகலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டிரைவருக்கும் அருகில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தேவை. இல்லையெனில் திடீர் மின்னழுத்த உயர்வில் டிரைவர் பழுதாகலாம். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் இணைப்பைக் கழற்றினாலும் இதே கதிதான்.

அளவீடு: சுற்றுக்கு 200 படிகள் கொண்ட மோட்டாரை 1/16 நுண்படியில் இயக்கினால் ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள் தேவை. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத் தண்டில் இது மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள்.