அரசூர், 1987: ஆட்டு நோய்க்கு மாட்டுப் பேர்

சேலையூரில் எங்க ஆயா பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருந்தார். அதில் இரண்டு மூன்றைத்தான் கறப்பார். இருமல், சளி என்று தெருவில் யாராவது வந்து கேட்டால் ஒரு டம்ளர் போகும், மிச்சம் எங்களுக்கு.

ஆடு குட்டி போட முடியாமல் தவித்தால் சுற்றுவட்டாரத்தில் ஆயாவைத்தான் கூப்பிடுவார்கள். முன்னங்கால் இரண்டும் அதன் மேல் மூக்கும் தெரிந்தால் அவர் கையே வைக்கமாட்டார், தானா வரும் என்று உட்கார்ந்திருப்பார். கால் மட்டும் வந்து தலை பின்னால் மடங்கிக்கொண்டால்தான் வேலை. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, ஆடு முக்கும்போது சும்மா இருந்து, முக்கல் அடங்கினதும் குட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தலையை நேராக்குவார். அப்புறம் அடுத்த முக்கலோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுப்பார். "அது முக்குறப்ப நீ தள்ளாதடா, உள்ள கிழிஞ்சிடும்" என்பார். பிற்பாடு கால்நடை மருத்துவப் பாடநூலில் இதே முறையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சளியைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒரே மாதத்தில் ஆடு வளர்ப்பதையே விட்டார். 1990-ஐ ஒட்டிய ஒரு வருஷம், மழைக்காலம் முடிந்த சமயம். சந்தையிலிருந்து புதுசா ஒரு பெட்டை வாங்கி வந்து கொட்டாயில் கட்டினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு ஜுரம், கண்ணில் பீளை, மூக்கு ஒழுகல். அடுத்து வாய்க்குள் புண், நாற்றமடிக்கும் கழிச்சல். ஒவ்வொன்றாக மற்ற ஆடுகளும் படுத்தன. நாலு மாசச் சினையாக இருந்த கறுப்பு ஆடு குட்டிகளை வீசிவிட்டு மறுநாள் செத்தது. அரிசிக் கஞ்சி, உப்புத் தண்ணி எல்லாம் கொடுத்துப் பார்த்தார். மிஞ்சியது மூன்று.

ஊரில் அதற்குச் சொன்ன பேர் வெக்கை. வெக்கை என்றால் மாட்டு நோய். பக்கத்து வீட்டில் இரண்டு கறவை மாடு இருந்தது. "உங்க ஆட்டால எங்க மாடு போயிடும்" என்று சண்டை. மிஞ்சின மூன்றையும் ஆயா விற்றுவிட்டார்.

நான் வெக்கை நோய் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்ததே இதனால்தான். ஆட்டு நோய்க்கு மாட்டுப் பேர் எப்படி வந்தது?

மாட்டு வெக்கை சாதாரண நோயில்லை. இந்திய மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய வெள்ளைக்கார அரசாங்கம் ஆணையமே போட்டது, அதன் அறிக்கை 1871-ல் வந்தது. 1889-ல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். அதுதான் பிறகு இமயமலையில் முக்தேஸ்வருக்குப் போனது. 1903-ல் நம்ம சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது (வேப்பேரிக்குப் போனது அப்புறம்). 1920-களில் முக்தேஸ்வரில் ஜே.டி. எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு என்று திரும்பத் திரும்பச் செலுத்தினார். அப்படிப் பல ஆடுகளைக் கடந்த வைரஸ் மாட்டுக்கு வீரியம் குறைந்ததாகி, தடுப்பூசியாகப் பயன்பட்டது. ஆட்டுத் திசுத் தடுப்பூசி என்று அதற்குப் பேர். 1950-களில் நாடு முழுக்க மாடுகளுக்குப் போட்டது பெரும்பாலும் இதைத்தான். மாட்டைக் காப்பாற்றிய மருந்து ஆட்டின் உடம்பில் தயாரானது.

ஆட்டுக்கும் வெக்கை தொற்றும் என்பது இதனால் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அதனால் ஆடு வாய்ப்புண்ணும் கழிச்சலுமாகச் செத்தால் "வெக்கை" என்று எழுதி முடிப்பது சுலபம். வேறொரு நோயாக இருக்கலாம் என்று தோன்றுவதுதான் கஷ்டம்.

அந்த வேறு நோயை 1942-லேயே மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர்கள் விவரித்திருந்தார்கள். ஆடும் செம்மறியும் சாகும், கூடவே நிற்கும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பி.பி.ஆர். என்று அவர்கள் பாஷைப் பேரின் சுருக்கம். தமிழில் இன்று ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். இதன் வைரஸ் வெக்கை வைரஸுக்குச் சொந்தக்காரன், ஆனால் தனி வைரஸ் என்று 1979-ல் வகைப்படுத்தினார்கள்.

இந்தியாவில் முதன்முதலாக இதை அடையாளம் கண்டது நம்ம பக்கத்தில்தான். 1987, விழுப்புரம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டை போகும் வழியில் அரசூர். தாம்பரத்தைக் கடந்து போகும் அதே ஜி.எஸ்.டி. ரோடுதான். அன்று அது தென்னார்க்காடு மாவட்டம். அங்கே செம்மறிகளுக்கு வந்த நோய் வெக்கை இல்லை, பி.பி.ஆர். என்பதை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் பணியாற்றியவர்களும் 1989-ல் ஓர் ஆங்கிலக் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதன் பிறகும் சில வருஷம் இது தென்னிந்திய நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1994-ல் வடக்கேயும் தெரிய வந்தது.

இடையில் ஒரு விசித்திரம். மாட்டு வெக்கைத் தடுப்பூசியே ஆட்டை இந்த நோயிலிருந்தும் காக்கும். அப்படியே போட்டிருக்கலாமே என்றால், முடியாது. வெக்கையை ஒழித்தாகிவிட்டது என்று நிரூபிக்க ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கக்கூடாது. ஆட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் கணக்கு குழம்பிவிடும். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தெரிந்தது 1995, உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தது 2011. மறுபடியும் மாட்டுக்காக ஆடு காத்திருந்தது என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆட்டுக்கென்று தனித் தடுப்பூசி பிறகு வந்தது. முக்தேஸ்வர்க்காரர்களுடையது 'சுங்ரி 96', அது இமாச்சலத்து ஊர்ப் பேர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியதில் ஒன்று 'அரசூர் 87', இன்னொன்று 'கோயம்புத்தூர் 97'. ஒரு ஊசி குறைந்தது மூன்று வருஷம் தாங்கும். 2030-க்குள் இந்த நோயையும் உலகத்திலிருந்து ஒழிப்பதாகத் திட்டம்.

ஆயாவின் ஆடுகளிடம் யாரும் மாதிரி எடுக்கவில்லை, அறிகுறிகளையும் வருஷத்தையும் வைத்துத்தான் நான் பேசுகிறேன். ஆயா கடைசி வரைக்கும் அந்தச் சந்தைப் பெட்டையைத்தான் திட்டினார். தப்பில்லை, இந்த நோய் பெரும்பாலும் அப்படிப் புதுசா வாங்கின ஆட்டோடுதான் கொட்டாய்க்குள் நுழைகிறது. சண்டை போட்ட வீட்டு மாடுகள் இரண்டும் நடுவில் ஒரு தட்டி மட்டும் இருக்க அந்த மாசம் முழுக்க எங்க கொட்டாயை ஒட்டியே நின்றன. ஒருவேளைகூடத் தீனி குறையவில்லை, பால் வழக்கம்போலக் கறந்தார்கள்.