உஸ்மானியா: நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிச்சல்

செகந்திராபாத் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு உஸ்மானியா யூனிவர்சிட்டி என்றால் தார்நாகா சிக்னல், ஆர்ட்ஸ் காலேஜ் ரயில் நிலையம், அப்புறம் "இன்னிக்கு ஸ்டிரைக்காம், அந்தப் பக்கம் போகாதீங்க" என்கிற போன். அவ்வளவுதான். 2017 ஏப்ரல் 26-ல் நூற்றாண்டு விழா தொடங்கியபோதும் இதே கதைதான். ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி வந்து பேசினார். மேடையில் இருந்த முதலமைச்சர் பேசவே இல்லை. வேலை கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கொதித்துக் கொண்டிருந்த நேரம் அது. ஏன் பேசவில்லை என்ற பேச்சில், எதற்காக இந்த நூற்றாண்டு விழா என்பதே அடிபட்டுப் போய்விட்டது.

"தமிழில் டாக்டருக்குப் படிக்க முடியுமா? நடக்கிற காரியமா?" என்று நம் வீடுகளில் எத்தனை தடவை வாதம் நடந்திருக்கும்! தமிழை எடுத்துவிட்டு உருது என்று போட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு இந்த ஊர் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

1917-ல் நிஜாம் அரசின் உள்துறைச் செயலாளராக இருந்தவர் அக்பர் ஹைதரி. அக்கவுண்டன்ட் ஜெனரலாக இந்த ஊருக்கு வந்தவர். (கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கனவு கிடையாது என்று யார் சொன்னது? :-) ) மாணவனின் சக்தியில் பாதி அந்நிய மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது, பாடத்துக்கு மிச்சம் இருப்பதில்லை என்பது அவர் கட்சி. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஒப்புக்கொண்டு ஆணை போட்டார். ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருக்கும், மற்றதெல்லாம் உருதுவில். இந்திய மொழி ஒன்றைப் பயிற்றுமொழியாக வைத்துத் தொடங்கிய முதல் நவீனப் பல்கலைக்கழகம் இதுதான்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? அங்கேதான் எனக்கு இவர்கள் மேல் மரியாதை வருகிறது. வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, 1917-லேயே, ஒரு மொழிபெயர்ப்புத் துறையை ஆரம்பித்துவிட்டார்கள். தாருல் தர்ஜுமா என்று பெயர். பிற்காலத்தில் உருதுவின் தந்தை என்று பெயர் வாங்கிய மௌல்வி அப்துல் ஹக் அதற்குப் பொறுப்பு. கவிஞர் ஜோஷ் மலிஹாபாதி கூட அங்கே சம்பளம் வாங்கியிருக்கிறார். சரித்திரம், சட்டம், தத்துவம், பௌதிகம் என்று புத்தகங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் கமிட்டி. அரபியிலிருந்து எடுப்பதா, பாரசீகத்திலிருந்தா, ஜனங்கள் பேசுகிற வார்த்தையே போதுமா என்று சண்டை. நம் ஊரில் சமஸ்கிருதமா தனித்தமிழா என்று நடந்த அதே சண்டைதான்.

இந்த இடத்தில் நம் கதையையும் சொல்லியாக வேண்டும். 1916-ல், அதாவது ஹைதரிக்கு ஒரு வருஷம் முன்பே, சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் விஞ்ஞானச் சொற்களுக்காக ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே டாக்டர்களை உருவாக்கினார். ஆசையும் உழைப்பும் நம்மிடமும் இருந்தன. பின்னால் ஒரு கஜானா இல்லை. ஹைதராபாத்தில் இருந்தது, அதுவும் உஸ்மானியா சிக்கா என்று தனி ரூபாயே அடிக்கிற கஜானா.

1919 ஆகஸ்டில் நிஜாம் கல்லூரிக்குப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் வகுப்புகள் ஆரம்பித்தன. இன்டர்மீடியட்டில் 225 மாணவர்கள், 25 ஆசிரியர்கள். அந்தப் பக்கத்துக் கல்லூரி இருக்கிறதே, அது 1887-ல் தொடங்கி சுமார் 60 வருஷம் நம் மெட்ராஸ் யூனிவர்சிட்டியோடு இணைந்திருந்தது! பாடம் ஆங்கிலத்தில். (இதே ஊர்ப் பெண் சரோஜினி நாயுடு 12 வயதில் தேறியதும் மெட்ராஸ் மெட்ரிகுலேஷன்தான்.) மதிலுக்கு இந்தப் பக்கம் மெட்ராஸ் பரீட்சை, அந்தப் பக்கம் உருதுவில் பாடம். 1947-ல்தான் நிஜாம் கல்லூரி உஸ்மானியாவுக்குள் வந்தது.

இப்போது நாம் பார்க்கிற அடிக்மெட் வளாகத்துக்கு 1934-ல் அடிக்கல் போட்டார்கள். எர்னஸ்ட் ஜாஸ்பர் என்ற பெல்ஜியம் நாட்டுக் கட்டடக் கலைஞரின் திட்டத்தில், இளஞ்சிவப்பு கிரானைட்டில் எழுந்த ஆர்ட்ஸ் காலேஜ் 1939 டிசம்பரில் திறக்கப்பட்டது. போட்டோவில் பார்த்தால் போதாது, அந்த வாசல் வளைவுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு நெருடல் உண்டு. தாய்மொழிக் கல்வி என்றார்களே, யாருடைய தாய்மொழி? சமஸ்தானத்தில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் உருதுக்காரர்கள். பாதிப் பேர் தெலுங்கு, மிச்சம் மராத்தி, கன்னடம். வாரங்கல் பக்கத்துப் பையனுக்கு உருதுவும் இன்னொரு அரசாங்க மொழிதான். 1938-ல் விடுதியில் வந்தே மாதரம் பாடிய மாணவர்களை வெளியேற்றினார்கள். நாக்பூர் பல்கலைக்கழகம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் பிரதமரான பி.வி.நரசிம்ம ராவும் அப்படி நாக்பூர் போனவர்தான். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்து நிஜாம் ஆட்சி முடிந்ததும் பயிற்றுமொழி ஆங்கிலமாக மாறியது. முப்பது வருஷ மொழிபெயர்ப்பு அலமாரிக்குள் போய்விட்டது. அதைக் காப்பாற்றப் பெரிய கூட்டம் எதுவும் தெருவில் இறங்கவில்லை. இறங்கியிருக்க வேண்டிய பெரும்பான்மைக்கு அது சொந்த மொழி இல்லையே.

அதே வளாகம் 1969-லும் 2009-லும் தெலங்கானாவுக்காகத் தெருவில் இறங்கியது. அப்போது முழங்கிய பாட்டும் கோஷமும் தெலுங்கில்.

2018-ல் தெலங்கானா அரசு பத்தாம் வகுப்பு வரை தெலுங்கு கட்டாயம் என்று சட்டம் போட்டது. "நம்ம பசங்க தமிழே சரியா எழுதறதில்லை, இதுல தெலுங்கு வேறயா" என்ற புலம்பலை நம்மவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் கேட்கிறேன். அப்படிப் புலம்புகிறவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்ட்ஸ் காலேஜ் படிக்கட்டுக்குக் கூட்டிப் போய் இந்தக் கதையைச் சொல்ல ஆசை. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், மரநிழல் நிறைய இருக்கிறது. உள்ளூர் ரயிலில் வந்தால் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்குப் பெயரே ஆர்ட்ஸ் காலேஜ்தான்.